தகர டப்பாவில் கிடக்கும் பேட்டரிகள் யார் பொறுப்பு?

வாசகி ஒருவரின் கேள்வி:

"பழைய பேட்டரியைக் குப்பையில் போட நான் விடுவதில்லை. ஐந்தாறு வருடமாக ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ரிமோட்டிலிருந்து எடுத்த பென்சில் செல்கள், சதுரமான 9 வோல்ட் பேட்டரி ஒன்று, நாலைந்து பட்டன் செல், பழைய செல்போன் பேட்டரி இரண்டு, லேசாக உப்பிப்போன பவர் பேங்க் ஒன்று. இன்வெர்ட்டர் பேட்டரி மாடிப்படிக்குக் கீழே தனியாக இருக்கிறது. பழைய சாமான் வாங்குபவர் இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் நல்ல விலைக்குக் கேட்கிறார். டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாங்கிய கடையில் கேட்டால், 'நாங்கள் விற்பதோடு சரி' என்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் மகன், 'திரும்ப எடுத்துக்கொள்வது கம்பெனியின் சட்டப் பொறுப்பு, நீ ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறாய்?' என்கிறான். வீட்டுக்காரரோ, 'சேர்த்தாலும் கடைசியில் எல்லாம் ஒரே குப்பைமேட்டுக்குத்தான் போகும்' என்கிறார். யார் சொல்வது சரி? நான் என்ன செய்வது?

பி.கு.: செல் காலியா என்று பார்க்க மகன் அதை மேஜைமேல் செங்குத்தாகப் போட்டுப் பார்க்கிறான். குதித்தால் காலியாம். உண்மையா?"

பதில்:

அன்புள்ள அம்மா,

மகன் சொல்வதா, வீட்டுக்காரர் சொல்வதா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் எழுந்து போய் அந்தத் தகர டப்பாவைக் காலி செய்யுங்கள். நான் உலோகவியல் படித்தவன். ஈயம் உருக்கும் ஆலையில் ஆரம்பித்து, இப்போது லித்தியம் பேட்டரி மறுசுழற்சியில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய பொருள் எது என்றால் உலையோ அமிலமோ இல்லை; இப்படிப் பல வகை பேட்டரிகளைக் கலந்து போட்ட டப்பாதான்.

தகரத்தில் மின்சாரம் பாயும். 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு முனையும் ஒரே பக்கம் அடுத்தடுத்து இருக்கின்றன. டப்பாவின் அடியோ ஒரு பட்டன் செல்லோ இரண்டையும் தொட்டால் போதும், ஷார்ட் ஆகிச் சூடேறும். காலி என்று நாம் எடுத்துப்போட்ட பேட்டரியில் இதற்கு வேண்டிய மின்சாரம் பெரும்பாலும் மிச்சம் இருக்கும். அந்தச் சூடு பக்கத்தில் கிடக்கும் செல்போன் பேட்டரிக்குப் போனால் விஷயம் பெரிதாகிவிடும். லித்தியம் அயான் செல்லுக்குள் நேர் தகட்டையும் எதிர் தகட்டையும் பிரித்து வைத்திருப்பது மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம். சுமார் 130 டிகிரியில் அது உருக ஆரம்பிக்கும். உருகினால் இரண்டு தகடும் ஒட்டிக்கொள்ளும், இன்னும் சூடேறும், அந்தச் சூட்டில் அடுத்த செல் போகும். தண்ணீர் ஊற்றியதும் ஒரு நிமிடம் அடங்கி, மறுபடி புகைய ஆரம்பிக்கும் பேட்டரியை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எங்களிடம் வந்த ஒரு டிரம்மில், பென்சில் செல் என்று எழுதி ஒட்டியிருந்த சரக்குக்கு நடுவே யாரோ போட்ட ஒரே ஒரு செல்போன் பேட்டரி செய்த வேலை அது. பேட்டரி என்னவோ உள்ளங்கை அளவுதான்.

ஆகவே, ஒரு பிளாஸ்டிக் டப்பாவோ கனமான அட்டைப்பெட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். 9 வோல்ட் பேட்டரியின் முனைகளிலும் செல்போன் பேட்டரிகளின் உலோகப் புள்ளிகளிலும் செலோடேப் ஒட்டுங்கள். பென்சில் செல்களைத் தனி உறையில் போடுங்கள். சாதாரண பென்சில் செல்லுக்கு டேப் அவசியமில்லை, ஒட்டினாலும் தப்பில்லை. வெள்ளைப் பூப்போல ஏதாவது பூத்திருந்தால் உள்ளே இருக்கும் காரம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வெறுங்கையால் தொட வேண்டாம்.

பட்டன் செல் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் டேப் சுற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வீட்டில் குழந்தை இல்லை என்றாலும் வையுங்கள், வருகிறவர்களுடன் வரும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பட்டன் செல் சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு. சிக்கிய இடத்தில் ஈரம் பட்டு மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகும். இரண்டே மணி நேரத்தில் குழாயைப் பொத்தலிடும் அளவுக்குப் புண்ணாக்கிவிடும். கருவியை ஓட்டச் சக்தியில்லை என்று கழற்றிப்போட்ட செல்லாலும் இதைச் செய்ய முடியும். விழுங்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே நேரே மருத்துவமனைதான். காத்திருந்து பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது.

பவர் பேங்க் கதை வேறு. உப்பியிருக்கிறது என்றால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அமுக்காதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கடைசியாக ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். தண்ணீரிலும் போட வேண்டாம். ஆலையில் நாங்கள் பேட்டரிகளை உப்புக் கரைசலில் போட்டு மின்சாரத்தை வடிப்பதுண்டு. அதைப் பார்த்துவிட்டு வீட்டு வாளியில் செய்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் மின்பகு திரவத்தில் உள்ள லித்தியம் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் புளோரைடு என்ற கொடிய வாயு வரும். எங்களுக்கு அதை உறிஞ்சிக் கழுவும் கருவி இருக்கிறது, உங்களுக்கு இல்லை. உலர்ந்த மணல் நிரப்பிய வாளியில் புதைத்து, இறுக்க மூடாமல், வீட்டுக்கு வெளியே, தீப்பிடிக்கிற பொருள் இல்லாத இடத்தில் வையுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பழைய சாமான் வாங்குபவர் இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் கேட்டாரே, பேட்டரி மறுசுழற்சியின் பொருளாதாரமே அதில் இருக்கிறது. ஈய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். 327 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம் அது. பேட்டரியை உடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பிளாஸ்டிக் கூடு மிதக்கும், ஈயம் அடியில் தங்கும். பிரிப்பது அவ்வளவு சுலபம். எத்தனை முறை உருக்கினாலும் ஈயம் ஈயமாகவே இருப்பதால் பழைய பேட்டரியின் ஈயமே புது பேட்டரிக்குள் போகிறது. 1859இல் காஸ்டன் பிளான்டே செய்த பேட்டரியின் அடிப்படை வேதியியல் இன்றும் மாறவில்லை. ஆக, இதைத் தேடி வாங்கக் காசு இருக்கிறது.

பென்சில் செல்லை உடைத்தால் கிடைப்பது இரும்புக் கூடு, கொஞ்சம் துத்தநாகம், மாங்கனீசு டை ஆக்சைடு. எல்லாம் மலிவான சரக்கு. அள்ளி, தரம் பிரித்து, வண்டி ஏற்றி, உலையில் போட்டு எடுக்கும் செலவு, கிடைக்கும் உலோகத்தின் விலையை விழுங்கிவிடும். காயலான் கடைக்காரர் கணக்கு தெரியாதவர் இல்லை, அம்மா. அவர் உங்கள் டப்பாவைத் திரும்பிப் பார்க்காததற்கு அலட்சியம் காரணமில்லை, கணக்குதான் காரணம்.

லித்தியம் பேட்டரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து வெகுகாலம் அதில் கோபால்ட் நிறைய இருந்தது, கோபால்ட்டுக்கு விலை உண்டு. இப்போது பெருகிவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. அதிக நாள் உழைக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு என்பதால் வாங்குபவருக்கு நல்லது. மறுசுழற்சி செய்பவருக்கோ உள்ளே எடுத்து விற்கப் பெரிதாக ஒன்றும் இல்லாத பேட்டரி. பேட்டரி நல்லதாக ஆக ஆக, பழையதை வாங்க ஆள் குறைகிறது. வினோதம்தான்.

உங்கள் மகன் சொல்லும் பொறுப்பு இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. சந்தை தானாகத் தூக்காத பொருளை யார் தூக்குவது? நகராட்சி என்றால் செலவு எல்லோருடைய வரியிலும் விழும். தயாரிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. 1990இல் சுவீடனின் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் தம் நாட்டு சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குத் தந்த அறிக்கையில் இந்தச் செலவைத் தயாரிப்பாளரின் தலையில் வைக்க வேண்டும் என்றார். நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. பொருள் விற்றுமுடிந்ததும் கம்பெனியின் பொறுப்பு முடிவதில்லை, அது உபயோகம் முடிந்து கழிவாகும் வரைக்கும் நீள்கிறது என்பதுதான் அதன் பொருள். குப்பை அள்ளும் செலவு தன் கணக்கிலேயே வந்தால், சுலபமாகக் கழற்றவும் பிரிக்கவும் முடிகிற பொருளாகச் செய்ய கம்பெனிக்கே தோன்றும் என்பது லிண்ட்குவிஸ்ட்டின் எதிர்பார்ப்பு. அந்தப் பாதி எதிர்பார்ப்பு இன்னும் முழுதாகப் பலிக்கவில்லை என்பேன். பசை போட்டு ஒட்டி மூடிய செல்போனைச் சூடுகாட்டிப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது ஞாபகம் வரும். ஐரோப்பிய ஒன்றியம் இப்போது சட்டமாகவே எழுதிவிட்டது: 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கருவிகளில் இருக்கும் சிறு பேட்டரிகளை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும்.

தயாரிப்பாளர் என்றால் யார் என்று உங்கள் மகனைக் கேட்டுப் பாருங்கள். ஆலை வைத்திருப்பவர் என்று சொன்னால் பாதி மதிப்பெண்தான். இந்தியாவில் 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, யாரோ செய்த பேட்டரியைத் தன் பெயரில் விற்பவரும் தயாரிப்பாளர்தான், பேட்டரியோ பேட்டரி உள்ள கருவியோ இறக்குமதி செய்பவரும் தயாரிப்பாளர்தான். அதற்கு முன்பிருந்த 2001 விதிகள் ஈய பேட்டரியை மட்டும் பார்த்தன. இவை எல்லா வகையையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே உங்கள் பவர் பேங்க் எந்த நாட்டில் செய்யப்பட்டிருந்தாலும், அதன்மேல் யார் பெயர் அச்சிட்டிருக்கிறதோ, யார் அதைக் கொண்டுவந்து விற்றார்களோ, அவர்களிடம்தான் கேள்வி போக வேண்டும். பெயரே இல்லாமல் வருகிற பவர் பேங்க்குகள்தான் தலைவலி. விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், திரும்ப எடுக்கும் செலவை அவர்கள் சேர்க்கவே இல்லை என்பது. தயாரிப்பாளர் என்று ஒழுங்காகப் பதிவு செய்த கம்பெனி, பதிவே செய்யாதவனுடைய சரக்குக்கும் சேர்த்துச் செலவு செய்கிறது. இணையத்தில் விற்கும் தளங்களும் விற்பவர் பதிவு பெற்றவரா என்று பார்த்தே விற்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் சொல்வது இதற்காகத்தான்.

'விற்பதோடு சரி' என்ற கடைக்காரர் விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர் அப்படிச் சொல்ல முடியாது. தான் விற்கிற வகை பேட்டரியை, புதிது வாங்கச் சொல்லாமல், காசு கேட்காமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இந்திய விதிகளில் பொறுப்பு தயாரிப்பாளர் மேல்தான்; கடை வழியாகச் சேர்ப்பதோ, திரும்ப வாங்கும் திட்டம் வைப்பதோ அவர் ஏற்பாடு. ஜெர்மனியில் இன்னொரு வழி: கார் பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுக்காவிட்டால் 7.50 யூரோ வைப்புத்தொகை கட்ட வேண்டும், பழையதைக் கொண்டுவந்தால் திருப்பித் தருவார்கள். சுவிட்சர்லாந்தில் அப்புறப்படுத்தும் செலவை பேட்டரி விற்கும்போதே விலையில் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். பெல்ஜியத்தில் பேட்டரி மேல் சுற்றுச்சூழல் வரி விழும் என்ற நிலை வந்ததும் தயாரிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து 1995இல் பெபாட் என்ற சேகரிப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். எந்த வழியானாலும் கடைசியில் காசு வாங்குபவர் பையிலிருந்துதான் வருகிறது என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் வாங்கும்போது தெரியாமல் கொடுத்த சில காசு ஒரு பெட்டியாகவும் வண்டியாகவும் மாறி உங்கள் தெருவுக்கு வருகிறதா, இல்லையா என்பது சின்ன விஷயம் இல்லை.

கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன். லித்தியம் பேட்டரி சரக்குப் போக்குவரத்தில் ஆபத்தான பொருள்களின் 9ஆம் வகுப்பில் வருகிறது. சேதமானது, உப்பியது என்றால் விதிகள் இன்னும் கடுமை. அவர் கடையில் ஒரு பெட்டி வைத்துவிட்டு, நாலு மாதம் யாரும் வந்து எடுக்கவில்லை என்றால் அந்த ஆபத்து அவர் கடைக்குள்தான் உட்கார்ந்திருக்கும். பெட்டி வைக்கும் உற்சாகம் கம்பெனிகளுக்கு நிறைய இருக்கிறது, பெட்டியைக் காலி செய்ய வண்டி அனுப்பும் உற்சாகம் அவ்வளவு இல்லை. சேகரிப்புத் திட்டம் நன்றாக நடக்கிறதா என்று பார்க்க என்னை அனுப்பினால், எத்தனை பெட்டி என்று கேட்க மாட்டேன். கடைசியாக எப்போது காலி செய்தீர்கள் என்றுதான் கேட்பேன்.

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகம். சேர்த்தது எல்லாம் குப்பைமேட்டுக்கா போகிறது? ஆலைக்கு வந்து சேர்ந்ததைப் பற்றி நான் தைரியமாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அது எங்களுக்குக் கச்சாப்பொருள். லித்தியம் பேட்டரியை மின்சாரம் வடித்து, காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பிய அறைக்குள் அரைக்கிறோம். சல்லடையில் சலித்தால் மேலே செம்புத் தகட்டின் துணுக்கு, அலுமினியத் துணுக்கு. கீழே கன்னங்கரேலென்று ஒரு தூள். கையுறையைத் தாண்டி நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாள் போகாது. அந்தத் தூளைத் தொழிலில் பிளாக் மாஸ் என்கிறோம். நிக்கல், கோபால்ட், மாங்கனீசு, லித்தியம், கிராஃபைட் எல்லாம் அதில்தான். அமிலத்தில் கரைத்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். நேரே உலையில் போட்டு உருக்கும் பழைய முறையில் நிக்கலும் கோபால்ட்டும் நன்றாக வரும், லித்தியம் கசடோடு போய்விடும். ஐரோப்பியச் சட்டம் 2027 முடிவுக்குள் கோபால்ட், நிக்கல், செம்பு, ஈயம் ஆகியவற்றில் 90 சதவீதம், லித்தியத்தில் 50 சதவீதம் மீட்க வேண்டும் என்கிறது. 2031 முடிவில் இது 95, 80 என்று ஏறும். லித்தியத்துக்கு மட்டும் ஏன் சலுகை என்றால் காரணம் இந்தக் கசடுதான்.

ஆலைக்கு வந்தால் வழி இருக்கிறது என்று ஆகிறது. வராததுதான் பிரச்சினை. பேட்டரிகள் அதிகம் தங்கும் இடம் குப்பைமேடு என்று நினைக்கிறார்கள். மேஜை இழுப்பறை என்பது என் அனுபவம். சேகரிப்பு விகிதம் என்று ஒரு எண் சொல்வார்கள். ஐரோப்பாவில் வீட்டு உபயோக சிறு பேட்டரிகளுக்கு 2027 முடிவில் 63 சதவீதம், 2030 முடிவில் 73 சதவீதம் இலக்கு. இதற்கு முந்தைய இலக்கு 45. கணக்குப் போடும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு வருடம் சேர்ந்த எடையை, மூன்று வருடத்தில் சந்தைக்கு வந்த சராசரி எடையால் வகுக்கிறார்கள். மூன்று வருடத்தில் தீரும் செல்லுக்கு இது பொருந்தும். எட்டு வருடம் உழைக்கும் பேட்டரிக்கு? விற்பனை ஏறிக்கொண்டே போகும்போது, எட்டு வருடத்துக்கு முன் விற்ற கொஞ்சத்தை இன்று விற்கும் நிறையவோடு ஒப்பிடுகிறோம். ஒருவரும் தப்பு செய்யாமலே சதவீதம் குறைந்து தெரியும். ஆகையால் ஏதாவது நாட்டில் விகிதம் குறைவு என்று படித்ததும் மக்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று முடிவு கட்ட வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகத்துக்கு நான் இடம் கொடுப்பது வேறொரு இடத்தில். தயாரிப்பாளர் தானே சேர்க்காமல், மறுசுழற்சி செய்தவரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கு முடிக்கும் முறை இந்தியாவில் இருக்கிறது. நல்ல யோசனை, ஆனால் காகிதத்தை உலையில் போட வேண்டியதில்லையே. பிளாஸ்டிக்குக்கான இதே மாதிரி முறையில், 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனையில் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன. நேரில் போய் எடையும் மின்கட்டணமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காத எந்த முறையும் இப்படித்தான் ஆகும். ஒரு ஆலை எவ்வளவு உருக்கியது என்பதை அதன் மின் மீட்டரும் எரிபொருள் ரசீதும் சொல்லிவிடும்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வருகிறேன். அதற்குத்தான் விலை கிடைக்கிறதே, கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நான் மிகவும் வேண்டிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்: யாரிடம் போகிறது என்று தெரியாமல் கொடுக்காதீர்கள். செனகல் நாட்டில் டாக்கார் நகரை ஒட்டிய தியாரோயே-சுர்-மேர் என்ற ஊரில் பழைய பேட்டரிகளை வெட்டவெளியில் உடைத்து ஈயம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈயத்தின் விலை ஏறியபோது, பல வருடமாக ஈயத்தூள் கலந்துபோன அந்த மண்ணையே வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சலித்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். யாரும் பேட்டரியைக் குப்பையில் போடவில்லை. ஒரு கிராம் விடாமல் மறுசுழற்சிதான் செய்தார்கள். ஈயம் கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறந்து, சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி கற்றுத்தந்தது உலை வேலையை இல்லை. வேலை முடிந்ததும் குளித்து, வேலை உடுப்பை அங்கேயே விட்டுவிட்டு, வேறு செருப்பில் வீட்டுக்குப் போ என்றார். குழந்தையைத் தூக்குவதற்கு முன் கையைப் பார்த்துக்கொள் என்றார். 2020இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாகச் சொன்னது. முறையில்லாமல் பேட்டரி உடைப்பது அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

ஆக, உற்பத்தியாளர் பொறுப்பு இரண்டு வேலை செய்ய வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்மாதிரி தெரியும். பென்சில் செல்லை யாரும் தூக்காததால் தூக்க வைக்க வேண்டும். ஈய பேட்டரியை எல்லோரும் தூக்குவதால், அது தப்பான கைக்குப் போகாமல் பார்க்க வேண்டும். இரண்டாவதைப் பற்றி அதிகம் பேச்சு இல்லை. சேகரிப்பு விகிதம் 99 சதவீதம் என்று சொன்னதும் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறோம், எந்த உலைக்குப் போனது என்று கேட்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். புது இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கும்போது அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள், ரசீதில் பழைய பேட்டரி வாங்கியதை எழுதித் தரச் சொல்லுங்கள். வெளியில் வாங்குபவர் இன்னும் கொஞ்சம் கூடக் கொடுப்பார். அமிலத்தை வடித்துத் தண்ணீரைச் சுத்திகரிக்கிற செலவும், புகையை வடிகட்டுகிற செலவும் அவருக்கு இல்லை, அதிலிருந்துதான் அந்தக் கூடுதல் பணம் வருகிறது. அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கொடுங்கள் என்று யார் கேட்டாலும், அவரிடம் விற்க வேண்டாம் என்பதற்கு அதுவே போதுமான காரணம். கொண்டுபோகும்போது சாயாமல் நிமிர்த்தி வையுங்கள்.

செல்போன் பேட்டரிக்கும் பவர் பேங்குக்கும், மேலே இருக்கும் பெயரைப் பார்த்து அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். போன் பேசினால் 'பார்க்கிறோம்' என்பதோடு போய்விடும், எழுத்தில் கேளுங்கள். உங்கள் பேட்டரியை எங்கே கொடுப்பது, நீங்கள் உற்பத்தியாளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா, யார் மறுசுழற்சி செய்கிறார்கள் என்று மூன்றே கேள்வி. மகன் எழுதட்டுமே, பேசுகிறவர் அவர்தானே! பவர் பேங்க் உப்பியிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மையங்கள் அதை வாங்காது, வாங்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. மற்ற பேட்டரிகளோடு ஒரே பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

உங்கள் மகன் சொன்னதில் ஒரு பகுதியை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொறுப்பு கம்பெனிக்கு என்பதால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று ஆகாது. இந்திய விதிகளிலேயே உபயோகிப்பவர் பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பேட்டரிமேல் குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் சொல்வதும் அதைத்தான். ஆனால் அதற்கு மேல் ஊரெல்லாம் அலைந்து பெட்டி தேடுவது உங்கள் வேலை இல்லை. ஐந்தாறு வருடம் டப்பாவில் சேர்த்து வைத்தீர்களே, உங்கள் பங்கை நீங்கள் செய்தாயிற்று. நடுவில் வர வேண்டியவர் வரவில்லை. இனிமேல் மட்டும் அவ்வளவு நாள் சேர்க்காதீர்கள். ஒரு உறை நிறைந்ததும் கொடுத்துவிடுங்கள்.

பென்சில் செல்லுக்கு எந்த வழியும் கிடைக்கவில்லை என்றால்? இன்று விற்கும் சாதாரண ஆல்கலைன் செல்லில் முன்போல் பாதரசம் சேர்ப்பதில்லை. 1990களிலேயே பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். டப்பாவில் இருப்பவற்றில் அது அவசரம் குறைந்தது. உலர்ந்த இடத்தில் தனியாக இருக்கட்டும். பவர் பேங்குக்கும் செல்போன் பேட்டரிக்கும் வழி பிறக்கும்போது கூடவே போகும்.

கடைசியாகப் பின்குறிப்பு. இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புது ஆல்கலைன் செல்லுக்குள் துத்தநாகம் பசை மாதிரி கூழாக இருக்கும். செங்குத்தாகப் போட்டால் அந்தக் கூழ் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், செல் தொப்பென்று நிற்கும். உபயோகிக்க உபயோகிக்கத் துத்தநாகம் ஆக்சைடாகி இறுகும், செல் குதிக்க ஆரம்பிக்கும். அதனால் உங்கள் மகன் பார்த்தது கற்பனை இல்லை. ஆனால் 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்தார்கள். செல் பாதி தீர்ந்ததுமே குதிக்க வேண்டிய உயரத்தைத் தொட்டுவிடுகிறது, அதற்கு மேல் எவ்வளவு தீர்ந்தாலும் அதே உயரம்தான். குதிக்கிற செல் புதிது இல்லை என்று மட்டும் சொல்லலாம், காலி என்று சொல்ல முடியாது. அவர் குதிக்க வைத்து டப்பாவில் போட்ட செல்களில் சிலவற்றில் பாதி உயிர் இன்னும் இருக்கும். அவற்றை ஒரு சுவர்க்கடிகாரத்தில் போட்டுப் பாருங்கள். பொம்மைக் காரை ஓட்ட முடியாத செல் கடிகார முள்ளை இன்னும் சில மாதம் ஓட்டும்.